வாக்குச்சீட்டும் கெரம் போர்ட்டும்: தேர்தல், ஊழல் பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தைப் பக்கங்களில் தேர்தல் நெருங்கும்போது சின்னச் சின்னக் கூட்டங்கள் வைப்போம். சில நேரம் கோயில் மண்டபம், சில நேரம் யாருடையதோ வீட்டு முன்ஹோல். தேர்தல் நாளில் கண்காணிப்பாளராக நிற்பவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

இலங்கையை ஏன் இளம் ஜனநாயகம் என்கிறீர்கள்? 1931லேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டதே?

வந்தது உண்மைதான். டொனமூர் அரசியலமைப்பின்படி 1931இல் ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் வளர்ந்தவர் எல்லோரும் வாக்களித்தார்கள். அன்றைய ஆசியாவில் அது பெரிய விஷயம்.

ஆனால் கொடுத்ததைப் பறித்த கதையும் இதே நாட்டில்தான் நடந்தது. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து தூக்கி எறிந்தன. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தொழிலாளிக்கு 1952 தேர்தலில் பெயரே இல்லை. அப்புறம் 1982 டிசம்பரில், பொதுத் தேர்தல் வைக்காமல் இருக்கும் பாராளுமன்றத்தின் காலத்தையே நீட்டலாமா என்று ஒரு சர்வசன வாக்கெடுப்பு. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. விளக்கு வென்றதாக அறிவித்தார்கள். 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரை இருந்துவிட்டது. அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான்.

ஆக, வாக்குப் பழசு. அந்த வாக்கைக் காக்கும் காவல்தான் இளசு. சுயாதீனமான தேர்தல் ஆணைக்குழு வேண்டும் என்று 17ஆவது திருத்தம் 2001இல் சொன்னது. ஆணைக்குழு உண்மையில் அமைந்தது 2015இல், 19ஆவது திருத்தத்துக்குப் பிறகு. சட்டம் எழுதி 14 வருடம் கழித்து! இடையில் 2010இல் 18ஆவது திருத்தம், பிறகு 2020இல் 20ஆவது திருத்தம் என்று இரண்டு தடவை, ஆணைக்குழுக்களுக்கு ஆள் நியமிக்கும் அதிகாரம் ஜனாதிபதியின் கைக்கே திரும்பிப் போனது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் அதை மீண்டும் அரசியலமைப்புப் பேரவையிடம், அதாவது பாராளுமன்ற உறுப்பினர்களும் வெளியார் சிலரும் சேர்ந்த குழுவிடம், கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் இத்தனை தடவை பிடுங்கி நட்ட செடி எப்படி வேர் பிடிக்கும்? அதனால்தான் இளம் ஜனநாயகம் என்கிறேன்.

என் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் கிராம சேவகரிடம் போங்கள். இடாப்பு வருடா வருடம் திருத்தப்படுகிறது. புதுப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கும் நாட்களில் பெயர் விடுபட்டவர் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப்போய்ப் பிரயோசனம் இல்லை.

கொழும்பில் அதிகம் விடுபடுவது வாடகைக்கு இருப்பவர்கள். மட்டக்குளியில் ஒரு அம்மா. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து பதினேழு வருடமாக ஒரே அன்னெக்ஸில் இருக்கிறார். வீட்டுக்காரர் வாக்காளர் பதிவுப் படிவத்தில் தன் குடும்பத்தின் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். வாடகைக்கு இருப்பவரின் பெயரைப் போட்டால் நாளைக்கு வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்குப் பயம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதால் வீட்டுக்கு உரிமை வந்துவிடாது. இதை அவருக்கு விளக்க எங்களுக்கு இரண்டு தேத்தண்ணி நேரம் பிடித்தது. மூன்றாவது நாள் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிராம சேவகரிடம் போனோம். தன் தாயின் பெயர் எந்த இடாப்பிலும் இருந்ததில்லை என்று வழியில் சொன்னார். படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது பேனையை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

எனக்கு யாழ்ப்பாணத்தில் சொந்த வீடு இருக்கிறது, வெள்ளவத்தையில் தொடர்மாடியும் இருக்கிறது. எங்கே பதியலாம்?

ஒரே ஒரு இடத்தில். வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே. இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் ஒன்றை நீக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் வாக்களிப்பது குற்றம்.

நான் யாருக்குப் போட்டேன் என்று கட்சிக்காரர் கண்டுபிடித்துவிடுவார்களா?

இந்தப் பயத்தைத்தான் முதலில் போக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

வாக்களிப்புத் தொடங்கும் முன், வெறும் பெட்டியைக் கட்சி முகவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டு முத்திரை வைப்பார்கள். நீங்கள் போனதும் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் இடாப்பு இலக்கத்தையும் சத்தமாக வாசிப்பார்கள். முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். நீங்கள் வந்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. விரலில் மை, கையில் முத்திரையிட்ட வாக்குச்சீட்டு, பிறகு மறைவிடம். அங்கே நீங்களும் பென்சிலும் மட்டும்தான். தொலைபேசி கொண்டுபோகவோ படம் எடுக்கவோ முடியாது. “யாருக்குப் போட்டாய், படம் எடுத்துக் காட்டு” என்று யாரும் உங்களை வற்புறுத்த வழியிருக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தத் தடை. சீட்டில் உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதினால் வாக்கு நிராகரிக்கப்படும்.

சரி, அப்படியானால் இவ்வளவு வாக்குகள் ஏன் நிராகரிக்கப்படுகின்றன?

இரண்டு தேர்தலுக்கும் இரண்டு முறை என்பதால் பலர் குழம்பிப் போகிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X) போடலாம், அல்லது 1, 2, 3 என்று விருப்பு வரிசை எழுதலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு அதே கட்சியின் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் விருப்பு வாக்கு மட்டும் போட்டால் செல்லாது.

2024இல் இரண்டு மாதத்துக்குள் இரண்டு தேர்தலும் வந்தன. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. கோபத்தில் சீட்டைக் கெடுத்தவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் தெரியாமல் கெடுத்தவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் கேட்பதில்லை. வெயிலில் வரிசையில் நின்று, மை பூசி, வீட்டுக்குப் போய் “போட்டுவிட்டேன்” என்று சொல்லியிருப்பார்கள்.

நாங்கள் வாக்களித்து இங்கே என்ன மாறிவிடப் போகிறது?

இரண்டு கணக்கைச் சொல்கிறேன். 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலை விடுதலைப் புலிகளின் அறிவிப்பின்படி வடக்கு புறக்கணித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை. அந்தத் தேர்தலில் மகிந்த ராஜபக்ஷ வென்றது 1,80,786 வாக்கு வித்தியாசத்தில். 2015 ஜனவரி 8இல் அதே மகிந்த ராஜபக்ஷ சுமார் 4 இலட்சத்து 49 ஆயிரம் வாக்குகளால் தோற்றார். அந்தத் தடவை வடக்கும் கிழக்கும் மலையகமும் கொழும்பின் தமிழ், முஸ்லிம் வட்டாரங்களும் பெருமளவில் வாக்களித்தன.

வென்றவர்கள் சொன்னதையெல்லாம் செய்தார்களா என்று கேட்டால், இல்லை. ஆனால் தகவலறியும் சட்டமும், மேலே சொன்ன தேர்தல் ஆணைக்குழுவும் அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்தன.

தேர்தலுக்கு முன் உலர் உணவுப் பொதி கொடுக்கிறார்கள். வாங்கினால் என்ன? வாக்கை என் விருப்பப்படிதானே போடுவேன்?

இதுதான் எல்லாக் கூட்டத்திலும் எழும் கேள்வி. அரிசி 5 கிலோ, பருப்பு, சீனி, ரின்மீன் இரண்டு. வீட்டில் அடுப்பு எரியாத நேரத்தில் வாசலுக்கு வரும் பொதியைத் திருப்பி அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது: வாக்குக்காகக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சாப்பாடு போடுவது, குடிக்கக் கொடுப்பதுகூடத் தேர்தல் குற்றத்தில் சேரும்.

சட்டத்தைவிட முக்கியமான கேள்வி, அந்தப் பொதிக்கான காசு யாருடையது என்பது. ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2015 ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு விளையாட்டுக் கழகங்களுக்குக் கொடுக்கவென்று 14,000 கெரம் போர்ட்டும் 11,000 தாம் போர்ட்டும் அரசின் கடை நிறுவனமான லங்கா சதொச மூலம் இறக்குமதி செய்யப்பட்டன. அரசுக்கு நட்டம் 5 கோடி 30 இலட்சம் ரூபாய்க்கு மேல் என்பது குற்றச்சாட்டு. 2025 மே 29ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 வருடம், அன்றைய சதொச தலைவர் நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடம் கடூழியச் சிறை.

ஒரு கெரம் போர்ட்டை மனதில் வைத்துப் பாருங்கள். வாசிகசாலையில் பிள்ளைகள் பவுடர் தூவி விளையாடுகிறார்கள். சந்தோஷமான காட்சிதான். ஆனால் அதை வாங்கியது நாம் சதொசவில் வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும் கொடுத்த காசில். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்து, பளபளக்கும் தாளில் சுற்றி, நமக்கே பரிசாகத் தருகிறார்கள். நாம் நன்றியும் சொல்கிறோம். தேர்தலில் நடக்கும் முறைகேடும் கந்தோரில் நடக்கும் ஊழலும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கெரம் போர்ட்டைத்தான் காட்டுவேன்.

ஒரு வழக்கில் தண்டனை, இன்னொன்றில் விடுதலை. கடைசியில் பெரிய ஆட்கள் தப்பிவிடுவார்கள்தானே?

அந்தச் சலிப்பு நியாயம்தான். அதே 2015 தேர்தல் காலத்தில் பௌத்த பக்தர்களுக்குச் சில் துணி (விரத நாளில் உடுக்கும் வெள்ளைத் துணி) விநியோகித்த வழக்கு இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாய் அதற்குப் போனது என்பது குற்றச்சாட்டு. 2017இல் இரண்டு உயர் அதிகாரிகளுக்கு மேல் நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

மேன்முறையீடு என்பது நீதியின் ஒரு பகுதி, அதில் எனக்குக் குறையில்லை. என் கவலை காலம்தான். கெரம் போர்ட் வழக்கின் தீர்ப்பு வரப் பத்து வருடம். அதற்குள் எத்தனை தேர்தல் வந்து போய்விட்டது!

வேட்பாளர் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாமா?

முன்பு செய்யலாம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு முடியாது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று வரம்பு போட்டார்கள். வாக்காளர் 1,71,40,354 பேர் என்பதால் ஒரு வேட்பாளர் சுமார் 186 கோடி 80 இலட்சம் ரூபாய் வரை செலவிடலாம். முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும்.

186 கோடி என்பது சாதாரண ஆளுக்கு வரம்பே இல்லாத மாதிரித்தான். ஆனாலும் கணக்குக் காட்டவே தேவையில்லை என்ற நிலையிலிருந்து இது பெரிய தூரம். காட்டிய கணக்குகளை யாராவது உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும், அதுதான் இனி வேலை.

அரசாங்கமே தேர்தலை நடத்தாமல் விட்டால்?

விட்டார்கள். 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். வேட்புமனு ஏற்கப்பட்டு, நாளும் குறித்தாகிவிட்டது. திறைசேரி காசு விடவில்லை. காசில்லாமல் அரச அச்சகம் வாக்குச்சீட்டு அச்சடித்துக் கொடுக்கவில்லை. நாட்டில் காசில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. போட்டியிட்ட அரச ஊழியர்கள் சம்பளமில்லாத விடுமுறையில் நடுத்தெருவில் நின்றார்கள்.

வழக்குப் போனது. பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2023 மார்ச்சிலேயே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி, நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பு வந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இரண்டு வருடத்துக்கு மேலாகக் கொழும்பு மாநகர சபையில் தெரிவான ஒரு உறுப்பினர்கூட இல்லை. ஒழுங்கையில் வடிகால் அடைத்தால் போய்ச் சண்டை பிடிக்கக்கூட ஒரு ஆள் இல்லாத காலம் அது.

நடுநிலையாக வாக்கை எண்ணுவது மட்டும் நேர்மையான தேர்தல் ஆகாது. குறித்த நாளில் நடப்பதும் அதில் அடங்கும்.

மாகாண சபைத் தேர்தல்?

2014க்குப் பிறகு எந்த மாகாணத்திலும் நடக்கவில்லை. வட மாகாண மக்கள் 2013இல் ஒரே ஒரு தடவை வாக்களித்தார்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்து, தொகுதி எல்லை அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்று, பழைய முறைக்கும் போகாமல் புதிய முறைக்கும் போகாமல் நின்றுவிட்டது. மாகாணங்களை ஆளுநர்களை வைத்து ஓட்டுகிறார்கள். இதைத் தமிழர் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்குவது தவறு. ஒன்பது மாகாணத்தின் வாக்கும் இதில் பூட்டிக் கிடக்கிறது.

மாநகர முதல்வரைத் தெரிவு செய்தபோது உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களித்தார்கள். இரகசியம் நல்லது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்?

2025 ஜூன் 16ஆம் திகதி கொழும்பு மாநகர சபையில் நடந்ததைக் கேட்கிறீர்கள். 61க்கு 54 என்று முடிந்தது. இரகசியமா பகிரங்கமா என்பதிலேயே அன்று பெரிய வாதம்.

இரகசிய வாக்கு வாக்காளரின் கவசம். நம்மை யாரும் மிரட்டக் கூடாது என்பதற்காக வந்தது. நம் வாக்கில் உள்ளே போன உறுப்பினர் நிலை வேறு. அவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் கை எங்கே உயர்ந்தது என்று நாம் பார்க்க வேண்டும். யார் வென்றாலும் இதில் என் அபிப்பிராயம் மாறாது.

கந்தோரில் “சந்தோசம்” கேட்கிறார்கள். என்ன செய்வது?

கொடுக்கும் முன் 1954க்கு அழையுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் அது. 1954இல்தான் இலஞ்சச் சட்டம் வந்தது, அதனால் இலக்கம் மறக்காது. முன்கூட்டியே சொன்னால் ஆணைக்குழுவின் அதிகாரிகள் உங்களோடு வந்து, வாங்கும்போதே கையோடு பிடிக்க வழியிருக்கிறது. கொடுத்துவிட்டு வந்து சொன்னால் நிரூபிப்பது கஷ்டம். தவிர, இலஞ்சம் கொடுத்தவரும் சட்டப்படி குற்றவாளிதான்.

2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் பழையதைவிட விரிவானது. முறைப்பாடு வராமலே ஆணைக்குழு தானாக விசாரணை தொடங்கலாம். தனியார் துறை இலஞ்சமும் அதற்குள் வருகிறது. வேலை முடித்துக் கொடுக்கப் பாலியல் ரீதியாக எதையாவது கேட்பதும் இலஞ்சம்தான் என்று சட்டம் சொல்கிறது. நம் பெண்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எனக்கு நடந்த ஒன்று. ஒரு அரச அலுவலகத்தில் என் தகப்பனாரின் ஒரு பத்திரப் பிரதிக்காக நான்கு தடவை அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் “ஃபைலைக் காணவில்லை”. நான்காவது தடவை வாசலில் நின்ற ஒருவர் பக்கத்தில் வந்து, “மூவாயிரம் வைத்தால் ஃபைல் தானாக வரும்” என்றார். நான் ஒரு கொப்பித்தாளை எடுத்து, திகதி, நேரம், எந்த யன்னல், என்ன சொன்னார்கள் என்று அங்கேயே நின்று எழுத ஆரம்பித்தேன். உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்தார். இருபது நிமிடத்தில் ஃபைல் வந்தது. ஒரு சதம் கொடுக்கவில்லை. எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதுகிற கையைக் கண்டால் அவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது.

தமிழில் முறைப்பாடு கொடுத்தால் கவனிப்பார்களா?

கவனிக்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி, 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து. நடைமுறையில் சில இடங்களில் சிங்களத்தில் எழுதிவிட்டு “இங்கே கையெழுத்து வை” என்பார்கள். வாசிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த அலுவலர் வேண்டும் என்று பொறுமையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். முடியாவிட்டால் தமிழில் நீங்களே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

தகவலறியும் சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பிரசை எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதிக் கொடுத்தால் கூடிய விரைவில், பிந்தினால் 14 வேலை நாளுக்குள், தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். “ஊழல் நடந்ததா?” என்றால் பதில் வராது. “இந்த ஒழுங்கைக்குத் தார் போட ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், எத்தனை மீற்றர்?” என்று கேட்டால் வரும். வந்ததும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போங்கள்.

கண்காணிப்பாளராக நானும் வரலாமா?

வாருங்கள். பெஃப்ரல், தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் போன்ற அமைப்புகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் தொண்டர்களைச் சேர்க்கின்றன. கட்சி வேலை செய்பவராக இருக்கக் கூடாது. சின்னப் பயிற்சி தருவார்கள். என்ன பார்க்க வேண்டும், என்ன எழுத வேண்டும், எதில் தலையிடக் கூடாது என்று அதில் சொல்லிக் கொடுப்பார்கள்.

கொழும்பு வடக்கில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. விடிய 6 மணிக்கே நிற்க வேண்டி வரும், ஆகவே முதல்நாள் இரவே சோற்றுப் பார்சலுக்குச் சொல்லி வையுங்கள். தண்ணீர்ப் போத்தல், இரண்டு பேனை, ஒரு கொப்பி. குடை வேண்டாம், பாடசாலை விறாந்தையில் நிழல் இருக்கும்.